பாவுக்கு அடியில் போகிற வண்டி

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் எஞ்சினைப் பார்ப்பார்கள், டயரைப் பார்ப்பார்கள். என் கணவர் முதலில் என் காலைப் பார்த்தார். புரோக்கர் பாயின் ஷெட்டில் நின்ற ஒவ்வொரு வண்டியிலும் என்னை ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு, குனிய முடியாத உடம்பைக் குனிந்து, "கிளட்ச முழுசா மிதி டீச்சர். குதிகால் தரையில இருக்குதா?" என்று கேட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. நாங்கள் வண்டி வாங்க வந்தது எனக்காக இல்லை.

அவர் டிரைவர். எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து டிராவல்ஸ் வண்டிதான் ஓட்டினார். முகூர்த்தப் புடவை எடுக்க வருகிறவர்கள், கோயில் பார்க்க வருகிறவர்கள், பட்டு வியாபாரிகள், கல்யாணக் கூட்டம் என்று காஞ்சிபுரத்தில் காருக்கும் வேனுக்கும் ஒரு நாளும் ஓய்வு கிடையாது. ஊரில் உள்ள ஒவ்வொரு சந்திலும் எந்த வண்டி திரும்பும், எது திரும்பாது என்று அவருக்குத் தெரியும். சொந்தமாக ஒரு வண்டி மட்டும் கிடையாது. கேட்டால், "ஊர் வண்டியெல்லாம் நான்தானே ஓட்றேன், தனியா ஒண்ணு எதுக்கு?" என்பார். நான் தென்னேரிப் பக்கத்தில் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. அவரிடம் இருந்த பைக்கில்தான் காலையில் என்னைப் பள்ளிக்கூடத்து வாசலில் இறக்கிவிட்டுப் போவார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் அவர் என்னை டீச்சர் என்று கூப்பிட்டுக் கேலி செய்வதும், நான் அவரைத் திட்டுவதும்தான் எங்கள் வீட்டுச் சத்தம்.

இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன என்று டாக்டர் சொன்ன பிறகு அந்தச் சத்தம் குறைந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ். அது முடிந்ததும் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும், தலை சுற்றும். இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கே டிராவல்ஸுக்குப் போய் வேன் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தார். வந்ததும் குழாயடியில் நின்று வெகுநேரம் முகம் கழுவினார். அழுதாரா என்று நான் கேட்கவில்லை.

நான் பள்ளிக்கூடத்துக்கு நீண்ட லீவு போட்டேன். ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று வாலாஜாபாத் பக்கத்திலிருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு ஊருக்குள் வாடகைக்கு வந்தோம். நெசவுக்காரர்கள் தெருவில் போய் முடிகிற ஒரு சந்தில் வீடு. சந்து முனையில் தறி வைத்திருந்த அக்கா ஒருவர்தான் பார்த்துக் கொடுத்தார். வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவர்கள், எங்களிடம் தமிழ். அவருடைய மகள் கல்யாணத்துக்கு வேன் ஓட்டியவர் என் கணவர்தானாம். "இந்தண்ணன் பொண்ணை அழைச்சிக்கினு போவும்போது ஒரு பிரேக்குக்கூட போடல டீச்சர், தொட்டில்ல வெச்ச மாதிரி கொண்டு போயி சேத்தாரு" என்று முதல் நாளே சொன்னார். என் கணவருக்கு ஒரே பெருமை.

அந்தத் தெருவில் ஒரு தொல்லை இருந்தது. தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பட்டுப் பாவை, அதாவது புடவையின் நீளவாக்கில் ஓடுகிற நூல்களை, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, பிரஷ்ஷால் நீவிக் காய வைப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை என்பதால் விடிகிறபோதே ஆரம்பித்துவிடும். எங்கள் சந்துக்கு நேர் எதிரே இன்னொரு சந்து. அதன் வழியாகத்தான் பெரிய ரோட்டுக்குப் போக வேண்டும். நடுவில் இடுப்பு உயரத்தில் பாவு குறுக்கே நிற்கும். ஆட்டோக்காரர்கள் அந்த நேரத்தில் உள்ளே வரமாட்டேன் என்று பெரிய ரோட்டிலேயே நின்றுகொள்வார்கள். அவருக்கு டயாலிசிஸ் முதல் ஷிப்ட். ஆகவே அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, பாவுக்கு அடியில் குனிந்து நுழைந்து, நிமிர்ந்து, மூச்சு வாங்கி, மறுபடி நடந்து ஆட்டோவுக்குப் போக வேண்டும். ஒரு நாள் குனிந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தலைக்கு மேலே மஞ்சள் நூல்கள், கீழே கஞ்சித் தண்ணீரில் அவர். அக்கா ஓடி வந்து தூக்கினார். அன்றைக்குத்தான் கார் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

கார் என்றதும் அவர் முகத்தில் எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஒரு வெளிச்சம் வந்தது. "யாரு ஓட்டுவாங்க?" என்றார்.

"நான்தான்."

"நீயா? ஸ்கூட்டரே வேணாம்னு பத்து வருஷமா ஓடி ஒளிஞ்சவ நீ."

"ஓட்டிக் காட்றேன் பாருங்க" என்றேன். டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, ஓரிக்கை ரோட்டில் எருமைகளுக்கெல்லாம் ஹாரன் அடித்து, லைசென்ஸும் வாங்கிவிட்டேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, போட்டோவில் நான் ஏன் சண்டைக்கு நிற்கிற மாதிரி இருக்கிறேன் என்று கேட்டார்.

பாயின் ஷெட்டுக்குப் போனது அதற்குப் பிறகுதான். பழைய கார் விற்கிற இடத்துக்குப் போனால் ஒன்று புரியும். உலகத்தில் உள்ள பழைய கார்கள் எல்லாவற்றையும் டாக்டர்கள்தான் ஓட்டியிருக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு தடவை, மெதுவாக, கோயிலுக்கு மட்டும். பாய் அப்படித்தான் சொன்னார். என் கணவர் சிரித்துக்கொண்டே ஒரு வண்டியின் பின்பக்கம் ஸ்டெப்னி இருக்கும் பள்ளத்தைத் திறந்து விரலால் தடவி, விரலைப் பாயிடம் காட்டினார். மெல்லிய சேறு.

"டாக்டர் படகுல போனாரா பாய்?"

பாயும் சிரித்துவிட்டார். "அரே, உன்கிட்ட போயி சொல்றேன் பாரு. மெட்ராஸ்ல மழைத்தண்ணில நின்ன வண்டிதான். வுடுப்பா. இத வந்து பாரு." என்று உள்ளே கூட்டிப்போனார்.

உள்ளே நின்றது சில்வர் நிறத்தில், உயரமாகப் பெட்டி போல ஒரு சின்ன வண்டி. பார்த்ததுமே எனக்குப் பிடித்துப்போயிற்று. நான் மனதுக்குள் எதைத் தேடிக்கொண்டிருந்தேனோ அது அப்படியே நின்றது. கதவு அகலம். சீட் உயரம். குனிய வேண்டாம், காலைத் தூக்க வேண்டாம், நாற்காலியில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்து திரும்பிக்கொண்டால் போதும். அவரைப் பின்சீட்டில் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார். சாய்ந்து படுத்துப் பார்க்கச் சொன்னேன். முழங்காலை மடக்கிக்கொண்டு படுத்தார், கண்ணை மூடினார். டயாலிசிஸ் முடிந்து வரும்போது அவர் பிழிந்து போட்ட துணி மாதிரி இருப்பார். அந்தச் சீட்டில் அவர் படுத்துக்கொண்டு வருவதையும் நான் முன்னால் உட்கார்ந்து மெதுவாக ஓட்டுவதையும் அங்கேயே பார்த்துவிட்டேன்.

அவர் எழுந்து பானட்டைத் திறந்து, ஆயில் மூடியைக் கழற்றிப் பார்த்தார். கதவு ரப்பரை இழுத்துப் பார்த்தார், அடிபட்டு வெல்டிங் பண்ணியிருக்கிறதா என்று. ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கிளட்சை மிதித்த என் குதிகால் தரைக்கு எட்டாததையும் குனிந்து பார்த்துக்கொண்டார். வண்டியில் ஒரு குறையும் சொல்லவில்லை. எனக்குச் சந்தோஷம்.

"நல்ல வண்டிதான்" என்றார். "நமக்கு வேணாம்."

ஏன் என்று கேட்டதற்கு, பாயிடம் கையை ஆட்டிவிட்டு நடந்தார். வெளியே வந்ததும், கூரத்தில் ஒரு விவசாயி வீட்டில் வண்டி இருப்பதாகக் கேள்விப்பட்டேன், அதையும் பார்த்துவிடலாம் என்றார்.

கூரத்தில் வேப்பமரத்துக்கு அடியில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த வண்டி அது. தார்ப்பாயை எடுத்ததும் அடியிலிருந்து ஒரு கோழி கோபமாக வெளியே வந்தது. அரக்கு நிறம். ரொம்பச் சின்னது, ரொம்பத் தாழ்வு. உள்ளே உட்காருவதென்றால் ஏறக்குறைய தரையில் உட்காருவதுதான். மகன் பெரிய வண்டி வாங்கிவிட்டதால் இதை விற்பதாகச் சொன்ன வீட்டுக்காரர், டாக்டர் கதை எதுவும் சொல்லவில்லை. நெல் மூட்டைகூட ஏற்றியிருக்கிறேன் என்றார். முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வைக்கக்கூடாது என்று போனிலேயே இவர் சொல்லியிருந்தார். அதனால் எஞ்சின் ஜில்லென்று இருந்தது. என்னைத்தான் சாவியைத் திருப்பச் சொன்னார். ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது.

பிறகு மறுபடி ஆரம்பித்தது. சீட்டை முன்னால் இழுத்துப் பார். மெத்தை வைக்காமல் ரோடு தெரிகிறதா? குதிகால் தரையில் இருக்கிறதா? ஸ்டியரிங் கனக்கிறதா? ஸ்டெப்னியை நீயே தூக்கிப் பார். ஏரிக்கரை ரோட்டில் என்னை ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். வண்டி என் பேச்சைக் கேட்டது, அதை மறுக்க முடியாது. ஆனால் திரும்பி வந்து நிறுத்தியதும் அவர் இறங்கப் பட்ட பாட்டைப் பார்த்தேன். கதவின் மேல்விளிம்பைப் பிடித்து, ஒரு காலை வெளியே வைத்து, இன்னொன்றை இழுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். எழுந்து நின்று வீட்டுக்காரரிடம் அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"இன்னும் பத்து வருஷம் ஓடுமா?"

"தண்ணி, ஆயிலு ஒழுங்கா பாத்துக்கினா அதுக்கு மேலயும் ஓடும்பா. எந்த மெக்கானிக்குகிட்ட வுட்டாலும் பாப்பான். ஸ்பேர் பார்ட்ஸு பெட்டிக்கடையில கூட கெடைக்கும்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் தீப்பிடித்த மாதிரி இருந்தது.

பஸ் ஸ்டாப்பில் வேறு யாரும் இல்லை. அங்கேயே பிடித்துக்கொண்டேன். "யாருக்குப் பத்து வருஷம்?"

"இன்னா?"

"பத்து வருஷம் ஓடுமான்னு கேட்டீங்களே, யாருக்கு? வண்டி வாங்கறது உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போறதுக்கு. உங்களால ஏற முடியுதா, இறங்க முடியுதா, படுக்க முடியுதா, அதான் எனக்குக் கணக்கு. நீங்க என் குதிகாலைப் பாத்துக்கினு இருக்கீங்க."

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "டீச்சர், வண்டி வாங்கறது இன்னிக்கி ஒரு நாளைக்கா? நாளைக்கி நீ ஸ்கூலுக்குப் போவணும். வாலாஜாபாத்ல எறங்கி, ஷேர் ஆட்டோவுக்கு நின்னுக்கினு…"

"நாளைக்கி நான் போறத நாளைக்கிப் பாத்துக்கலாம்" என்று கத்திவிட்டேன். அதற்கு மேல் அவர் அதைச் சொல்லியிருந்தால் நான் அந்த ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதிருப்பேன். அவருக்கும் அது தெரியும். ஒரு வண்டியை அவருக்காக வாங்கினால் அவர் இருக்கப்போகிறார் என்று அர்த்தம். எனக்காக வாங்கினால் வேறு அர்த்தம். நான் சில்வர் வண்டியைப் பிடித்துக்கொண்டு தொங்கியதற்கு அதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

மறுநாள் டயாலிசிஸ் நாள். விடிந்துகொண்டிருந்தது. சந்து முனைக்கு வந்ததும் அவர் என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு நின்றார். பாவு கட்டியாயிற்று. எதிர்ச் சந்திலிருந்து பால்காரர் பைக்கில் வந்தார். அக்காவும் அவர் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பாவைக் கையாலேயே தலை உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தார்கள். பைக் அடியில் போனது.

"பாத்தியா?" என்றார் என் கணவர்.

"என்ன பாக்கறது?"

"கையால தூக்கறாங்க. இழுத்துக் கட்டின பாவு, கையால இந்த உயரம் வரைக்கும்தான் தூக்க முடியும். கூரத்து வண்டின்னா இந்தக் கையில அடங்கிடும். பாய் காட்டினானே, அந்த உயரமான வண்டி போவாது. போனா நூலு அறுந்துடும். அவங்க பொழப்பு அது. ஒரு நாள் பொறுத்துக்குவாங்க, ரெண்டு நாள் பொறுத்துக்குவாங்க. வாரத்துல மூணு நாளு யாரு பொறுத்துக்குவாங்க?"

நான் பாவைப் பார்த்தேன். அக்காவின் கையைப் பார்த்தேன். சில்வர் வண்டியின் கூரையை மனதில் வைத்து அளந்து பார்த்தேன். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. இந்தத் தெருவுக்கு நான் புதுசு. அவரோ ஊரில் உள்ள சந்தெல்லாம் அறிந்த டிரைவர். அவர் சொல்கிற வழியைச் சந்தேகப்பட்டு எனக்குப் பழக்கமில்லை. அதைவிடவும், பத்து வருஷப் பேச்சை விட்டுவிட்டு வேறு ஒரு காரணத்தைக் கொடுத்தாரே என்று எனக்கு நிம்மதி. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழிக்கு ஏற்ற வண்டி என்றால் அது அவருக்கான வண்டிதான். அப்படி நினைத்துக்கொண்டு சம்மதித்தேன்.

அரக்கு வண்டி எங்கள் சந்துக்கு வந்தது. அக்கா ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, "நல்ல கலரு டீச்சர், இந்தக் கலருக்குப் பச்சை பார்டர் போட்டா எடுப்பா இருக்கும்" என்றார். நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள் என்று தெரிந்தும் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். நான் கணவரைப் பார்த்தேன். "எலுமிச்சம்பழம் நம்மள இன்னா பண்ணிச்சி, நசுக்கிட்டுப் போ" என்றார்.

முதல் நாள் அவரைப் பின்சீட்டில் முதலாளி மாதிரி உட்காரச் சொன்னேன். மாட்டேன் என்றுவிட்டார். முதலாளி சீட்டில் உட்கார்ந்து பழக்கமில்லையாம். என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் வண்டியை ஓட்டியவருக்குச் சொந்த வண்டி வந்தபோது, அதை ஓட்டத்தான் முடியவில்லை. அதைச் சொல்லி அவர் ஒரு நாளும் வருத்தப்படவில்லை. சாவியை மட்டும் இரவில் தன் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார்.

அவர் வருத்தப்படாததற்கும் சேர்த்து நான் கோபப்பட்டேன். அந்த வண்டியில் ஏறுவது அவருக்கு ஒரு வேலை. முதலில் முதுகைக் காட்டி நிற்பார். மேலே உள்ள கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சட்டென்று கீழே விழுவது போல உட்காருவார். பிறகு கால்களை ஒவ்வொன்றாகக் கையால் தூக்கி உள்ளே வைப்பார். வீங்கிய கால்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது இதுவே இரண்டு மடங்கு நேரம் ஆகும், சில நாள் தொடைச் சதை குரக்களி பிடித்து இழுத்துக்கொண்டு கண்ணில் நீர் வந்துவிடும். "அந்த வண்டியை வாங்கியிருந்தா இப்படியா?" என்று நான் ஆரம்பித்தால், "பாவுக்கு இன்னா பண்றது டீச்சர்?" என்பார். விடியற்காலையில் சந்து முனைக்குப் போய் ஒரு தடவை மெதுவாக ஹாரன் அடிப்பேன். அக்காவும் அவர் வீட்டுக்காரரும் வந்து பாவைத் தூக்குவார்கள். வண்டி அடியில் போகும்போது கஞ்சிச் சொட்டு ஒன்றிரண்டு கண்ணாடியில் விழும், வைப்பர் போடுவேன். என் கணவர் தலையைச் சாய்த்து மேலே போகிற நூல்களைப் பார்த்துக்கொண்டே வருவார். "பாத்தியா, கையில அடங்கிடுச்சி" என்று அக்காவுக்குக் கேட்காத குரலில் சொல்லுவார்.

அந்த ஆறேழு மாதத்தில் எனக்கு அவர் சொல்லாமல் சொல்லிக்கொடுத்தது நிறைய. எந்தச் சத்தம் வந்தால் பயப்பட வேண்டும், எந்தச் சத்தத்தை விட்டுவிடலாம், மெக்கானிக் எங்கே ஏமாற்றுவான். டயாலிசிஸ் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் தென்னேரி வரை ஓட்டச் சொல்வார். பள்ளிக்கூடத்து வாசலில் நிறுத்தி, எந்த மரத்து நிழலில் வண்டியை விடலாம் என்று பார்ப்பார். ஏரியில் தண்ணீர் இருந்தால் கரையில் கொஞ்ச நேரம் நிற்போம். நான் அதையெல்லாம் உல்லாசப் பயணம் என்று நினைத்துக்கொண்டேன். முறுக்கு வாங்கி வைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் மூச்சு விட முடியவில்லை என்றார். நுரையீரலில் நீர் சேர்ந்துவிட்டது என்று சேர்த்துக்கொண்டார்கள். அந்த முறை அவர் வெளியே வரவில்லை. விடியும் நேரத்தில் போய்விட்டார்.

என் வண்டி ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. அவரை அதில் கொண்டுவர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரி வேன் கொடுத்தார்கள். ஆள் நிமிர்ந்து நிற்கிற அளவுக்கு உயரமான வேன். அவர் பக்கத்தில் நீளப் பலகையில் உட்கார்ந்து வந்தேன். பெரிய ரோட்டிலிருந்து எதிர்ச் சந்துக்குள் திரும்பியதும் எனக்குச் சட்டென்று நினைவு வந்தது. விடிந்துவிட்டது. பாவு கட்டியிருப்பார்கள்.

டிரைவரிடம் சொன்னேன். "இங்கயே நிறுத்திடுங்கப்பா. உயரமான வண்டி போவாது. இறக்கித் தூக்கிக்கினு போயிடலாம்."

அவன் நிறுத்தினான். தெருவில் பாவு நின்றது. கஞ்சி தெளித்த ஈரப் பாவு, அதைச் சுருட்டவும் முடியாது. அக்கா வேனைப் பார்த்தார், ஜன்னலில் என்னைப் பார்த்தார், வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டார். பிறகு திரும்பித் தெலுங்கில் ஏதோ குரல் கொடுத்தார். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒருவர் தெருக்கோடிக்கு ஓடி, பாவு கட்டியிருந்த கயிற்றைத் தளர்த்திவிட்டார். இங்கே இரண்டு பக்கமும் துணி சுற்றிய மூங்கில்களைப் பாவுக்கு அடியில் கொடுத்து உயர்த்தினார்கள். பாவு மெதுவாக மேலே போனது. வேன் உயரத்துக்குப் போனது, அதற்கு மேலும் போனது. அக்கா வாவென்று கையைக் காட்டினார். வேன் அடியில் நுழைந்து இந்தப் பக்கம் வந்தது. ஒரு நூல் அறுபடவில்லை.

எங்கள் வீட்டு வாசலில் இறங்கியதும் அக்கா வந்து என்னைக் கட்டிக்கொண்டார். அழுதுகொண்டிருந்தவரிடம் நான் கேட்டது இதைத்தான். "இவ்ளோ உயரத்துக்குத் தூக்க முடியுமா அக்கா?"

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. "ஏன் முடியாது டீச்சர்? கயித்தத் தளத்தி வுட்டு மூங்கிலு குடுத்தா எம்மா உயரம் வேணும்னாலும் தூக்கலாம். கல்யாண வேனெல்லாம் போவுதே. எம்பொண்ணு கல்யாணத்தன்னிக்கி இதே மாதிரி பாவு நின்னுக்கினு இருந்துது. உங்க வூட்டுக்காருதானே பெரிய வேனை அடியில ஓட்டிக்கினு வந்தாரு. அவருக்குத் தெரியாததா?"

அவருக்குத் தெரியாததா.

உள்ளே கிடத்தியிருந்தார்கள். வெயில் ஏறியபோது அவர் ஊரிலிருந்து பெண்கள் வந்து சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். நான் தலைமாட்டில் உட்கார்ந்து ராகம் போட்டு அழுவேன் என்று எல்லோரும் எனக்கு இடம் விட்டார்கள். எனக்கு ராகம் வரவில்லை. சண்டைதான் வந்தது. "உயரமான வண்டி போவாதுன்னு சொன்னீங்களே, போவுதே! நீங்களே ஓட்டியிருக்கீங்களே! கையில அடங்கிடுச்சின்னு எத்தினி நாளு சொன்னீங்க! காலைத் தூக்கி வெக்க முடியாம தூக்கி வெச்சீங்களே, எதுக்கு? யாருக்கு? நான் கேட்டேனா?" என்று அவர் மார்பில் தட்டித் தட்டிக் கேட்டேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, வண்டியைப் பற்றிப் பேசுகிறாள் என்று யாரோ மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. அக்கா மட்டும் கதவருகில் நின்று எல்லாவற்றையும் புரிந்துகொண்டு, சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார்.

அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. அந்தச் சில்வர் வண்டியின் பின்சீட்டில் ஒரு நாளாவது அவர் நிம்மதியாகப் படுத்துக்கொண்டு வந்திருக்கலாம். அதை எனக்குக் கொடுக்காமல் போய்விட்டார். நல்லவர்தான், தியாகம்தான் என்று மற்றவர்கள் சொல்லட்டும். எனக்கு வேண்டியது அது இல்லை.

இப்போது தினமும் அந்த வண்டியில்தான் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன். காலையில் சந்து முனையில் ஹாரன் அடித்தால் அக்கா வந்து பாவைக் கையால் தூக்குகிறார். அவர் பார்த்து வைத்த புளிய மரத்து நிழலில்தான் நிறுத்துகிறேன். மெக்கானிக் ஏமாற்றப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுகிறேன். மழையோ வெயிலோ, ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகிறது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், வாலாஜாபாத் தாண்டி நடுரோட்டில் அது நின்றுபோனால் தேவலை என்று நினைப்பேன். இறங்கி நின்று, "நல்லா பாத்து வாங்கிக் குடுத்தீங்க போங்க" என்று அவரை ஆசை தீரத் திட்டலாம். அது இன்றுவரை நிற்கவில்லை.